சீன முதலாளியின் சிரிப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

மதுரையில் விளக்குக் கடை வைத்திருக்கிறேன். போன ஏப்ரலில் குவாங்சோவில் கேன்டன் ஃபேர் என்ற வர்த்தகக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, அப்படியே குஜென் ஊரில் ஒரு எல்இடி ஃபேக்டரிக்கும் போனேன். முதல் நாள் ராத்திரி பெரிய விருந்து. வாசலைப் பார்த்த நாற்காலியில் என்னை உட்காரவைத்து, முழு மீனின் தலையை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். மறுநாள் உற்பத்தி லைனைப் பார்க்கும்போது, சாம்பிளில் இருந்த டிரைவர் (விளக்குக்கு மின்சாரத்தைச் சீராகக் கொடுக்கும் சாதனம்) வேறு, ஓடிக்கொண்டிருந்த சரக்கில் இருந்த டிரைவர் வேறு என்று தெரிந்தது. இரண்டையும் கையில் எடுத்து அங்கேயே முதலாளியிடம் கேட்டேன். சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே ‘மெய் வென்தி’, பிரச்சினையே இல்லை என்றார். ஊருக்கு வந்த பிறகு வீசாட்டில் (அவர்கள் ஊர் வாட்ஸ்அப்) எதைக் கேட்டாலும் ‘ஆராய்ந்து சொல்கிறோம்’ என்றுதான் பதில். சரக்கு தள்ளிக்கொண்டே போகிறது. விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டினேன், எல்லா மரியாதையும் செய்தேன். இவர்கள் பண்பாட்டிலேயே பொய் இருக்கிறதா?

கே.

அன்புள்ள கே.,

டிரைவரை மாற்றியது தப்பு. விலை பேசி முடித்த பிறகு உள்ளே இருக்கும் சாமானை மலிவாக்குவது எந்த ஊரிலும் நடக்கும் வியாபாரத் தில்லுமுல்லு. அதில் கன்பூசியஸுக்கு வேலையில்லை. ஆனால் நீங்கள் கேட்ட இடம் தப்பு.

அந்தச் சிரிப்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குவாங்சோவில் எட்டு வருடம் மொழிபெயர்ப்பாளனாகப் பிழைத்தவன் நான். ஒருமுறை நம்மூர்க்காரர் ஒருவர் சாம்பிளை மேஜையில் போட்டு, ‘இது குப்பை என்று சொல்லு’ என்றார். எதிரே முதலாளி, அவர் மகன், கணக்குப் பார்க்கும் பெண். நான் சீனத்தில், ‘இதைப் பற்றி இவருக்கு இரண்டு மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன, தனியாகப் பேசலாமா’ என்றேன். ‘நான் சொன்னது ஒரு வார்த்தை, நீ ஏன் இவ்வளவு நீளமாகப் பேசினாய்’ என்று அவர் முறைத்தார். அன்று என் கூலியில் பாதிக்குமேல் அந்த நீளத்துக்குத்தான்.

சீனத்தில் ‘முகம்’ என்பதற்கு இரண்டு சொற்கள் உண்டு, மியென்ட்சு, லியென். ஹூ ஷியென்ஜின் என்ற மானிடவியலாளர் 1944-லேயே இரண்டையும் பிரித்து எழுதிவிட்டார். மியென்ட்சு என்பது பணம், பதவி, ஆள்பலத்தால் ஊரில் கிடைக்கும் கௌரவம். கூடும், குறையும், கடனாகக்கூடக் கிடைக்கும். விருந்தில் மீன் தலையை உங்கள் பக்கம் திருப்பினார்களே, அது உங்களுக்குக் கொடுத்த மியென்ட்சு. லியென் என்பது ‘இவன் யோக்கியன்’ என்று நாலு பேர் வைத்திருக்கும் நம்பிக்கை. அது போனால் மனுஷன் நடமாட முடியாது. நீங்கள் இரண்டு டிரைவரையும் தூக்கிக் காட்டியபோது, தன்னிடம் சம்பளம் வாங்கும் ஆட்கள் முன்னால் அவர் லியெனில் கை வைத்துவிட்டீர்கள். அதற்குமேல் அவர் வாயிலிருந்து உண்மை வராது.

நமக்கு இது புரியாத சங்கதியா என்ன? ‘முகதாட்சண்யத்துக்காகத் தலையாட்டிவிட்டேன்’ என்று நாமும்தான் சொல்கிறோம். நாம் சொன்னால் தாட்சண்யம், சீனக்காரர் சொன்னால் பொய்யா?

அவர்கள் பேச்சில் ‘தாய்ஜியே கொடுப்பது’ என்று ஒன்று உண்டு. தாய்ஜியே என்றால் படிக்கட்டு. மேலே மாட்டிக்கொண்டு நிற்பவன் மானம் போகாமல் இறங்கிவர ஒரு படி போட்டுக் கொடுப்பது. மதியம் டீ மேஜையில் தனியாக உட்கார்ந்து, ‘பேக்கிங்கில் வேறு ஆர்டரின் டிரைவர் கலந்துவிட்டது போலிருக்கிறது, ஒருமுறை பார்த்துவிடுங்களேன்’ என்றிருந்தால் போதும். கலக்கவில்லை என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் சாயங்காலத்துக்குள் சரியான டிரைவர் வந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

‘ஆராய்ந்து சொல்கிறோம்’ என்பது அங்கே பழைய நகைச்சுவை. ஆராய்வதற்கு யென்ஜியு என்பார்கள். ‘சிகரெட்டும் சாராயமும்’ என்பதும் காதுக்குக் கிட்டத்தட்ட அதே ஓசைதான். அந்தக் காலத்து அதிகாரி ‘யென்ஜியு யென்ஜியு’ என்றால், எதை எடுத்துக்கொண்டு மறுபடி வரவேண்டும் என்று மனு கொடுத்தவனுக்குப் புரிந்துவிடும். உங்கள் முதலாளி சிகரெட் கேட்கவில்லை, பயப்படாதீர்கள். ‘இல்லை’ என்று சொல்லாமல் இல்லை என்கிறார், அவ்வளவுதான்.

குவான்ஷி, அதாவது ஆள் பழக்கம், என்றாலே 2,500 வருடப் பாரம்பரியம் என்று ஆரம்பிப்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. பாரம்பரியம் இருக்கிறதுதான். ஆனால் அரிசிக்கும் மாவுக்கும் கூப்பன் நீட்டிய காலம் 1993 வரை நீடித்த நாடு அது. ஒப்பந்தங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே சட்டம் வந்தது 1999-ல்தான். கடையில் சாமான் கிடைக்காது, கோர்ட்டை நம்ப முடியாது என்றால் தெரிந்தவனைத்தானே பிடித்தாக வேண்டும்?

நீங்கள் இணையத்தில் படித்த மரியாதைப் பட்டியல் பாதி பழசாகிவிட்டது. கார்டு நீட்டுவது குறைந்து எல்லாரும் வீசாட் க்யூஆர் காட்டுகிறார்கள். 53 டிகிரி மாவ்தாய் சாராயத்தை ஊற்றி ‘கான்பெய்’ என்று ஒரே மடக்கில் கவிழ்ப்பதும், 2012 டிசம்பரில் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி ஆடம்பரத்துக்கு எதிராக எட்டு விதிகள் போட்டபிறகு அரசு விருந்துகளில் அடங்கியது. கடிகாரம் பரிசளிக்கக் கூடாது என்பது மட்டும் நிற்கிறது. கடிகாரம் கொடுப்பதும் சாவுக்குக் கடைசிக் காரியம் செய்வதும் ஒரே ஓசை. 2015-ல் பிரிட்டிஷ் அமைச்சர் ஒருவர் தைவான் தலைநகர் தைபேயின் மேயருக்குப் பாக்கெட் கடிகாரம் கொடுத்தார். பழைய இரும்புக்காரனிடம் போட்டுக் காசாக்கலாம் என்று மேயர் தமாஷ் செய்ய, அமைச்சர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டுக்காரர் இப்படித் தெரியாமல் செய்தால் பெரும்பாலும் சிரித்து மறந்துவிடுவார்கள். ஆட்கள் முன்னால் பட்ட அவமானம் அப்படி மறக்காது.

இப்போது என்ன செய்யலாம்? வீசாட் குரூப்பில் நீளமாக மன்னிப்பு எழுதாதீர்கள். அது பழையதைக் கிளறும். அந்த ஃபேக்டரியை உங்களுக்குக் காட்டிவிட்டவர் ஒருவர் இருப்பாரே, அவரிடம் சொல்லியனுப்புங்கள். ‘அன்று அவசரத்தில் பேசிவிட்டாராம், அடுத்த ஆர்டரும் உங்களிடம்தான் போட நினைக்கிறார்’ என்று அவர் வாயால் போகட்டும். டிரைவரின் பிராண்டையும் மாடல் நம்பரையும் ஒப்பந்தத்தில் சீனத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பாக்கிப் பணத்தைச் சரக்குச் சோதனைக்குப் பிறகு கொடுங்கள். அக்டோபர் ஃபேருக்குப் போனால் நேரில் பாருங்கள். அவர் டீ ஊற்றினால் இரண்டு விரலால் மேஜையைத் தட்டுங்கள், அந்தப் பக்கத்தில் அதுதான் நன்றி.

விலையைக் குறைக்கச் சொல்லும் பேச்சு மட்டும் இந்தமுறை வேண்டாம்.