டிஎஸ்எச் கூடினால் தைராய்டு குறைவா?

கேள்வி: வயது 38. பாம்பன் பக்கம் கடலில் பாசி எடுக்கிறேன். ஆறேழு மாதமாக ஒரே அசதி, முடி கொட்டுகிறது, எடை கூடிவிட்டது, மாதவிலக்கும் தள்ளித் தள்ளி வருகிறது. ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் 18. ‘தைராய்டு குறைவு’ என்று மாத்திரை கொடுத்தார்கள். கூடியிருப்பதை ஏன் குறைவு என்கிறார்கள்? பத்து நாள் சாப்பிட்டும் ஒன்றும் தெரியவில்லை, நிறுத்திவிட்டேன். தினமும் மீன் சாப்பிடும் எங்களுக்கு அயோடின் குறையுமா? கழுத்துச் சுரப்பிக்கும் மாதவிலக்குக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை, படித்தவர்களுக்கும் வருவதுதான். டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ‘சுரந்து கொடு’ என்று தைராய்டுக்குப் போடும் உத்தரவு அது. கூப்பிட்டதும் வருகிற பிள்ளையை அம்மா மெதுவாகத்தான் கூப்பிடுவாள். வராவிட்டால் தெருவே கேட்கக் கத்துவாள். ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டிய சத்தம் உங்களுக்கு 18. அப்படியென்றால் தைராய்டு சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். தைராய்டு சுரக்கும் டி4 என்ற ஹார்மோனின் அளவையும் பார்த்தால் எவ்வளவு சோர்வு என்று தெரிந்துவிடும்.

மாதவிலக்குக்கு வருகிறேன். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் எல்லார் கண்ணிலும்தான் படுகிறது. நாட்டுப்படகுக்காரர் படகைக் கரையேற்றுகிறார், கருவாடு காயப்போட்டவர் அள்ளி உள்ளே வைக்கிறார், ரயிலுக்கு நிற்பவர் பார்த்துவிட்டு நிற்கிறார். ஹார்மோனும் ரத்தத்தில் உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி உள்ள செல்தான் வேலை செய்யும், அதுவும் தன் வேலையை. தைராய்டு ஹார்மோனுக்கு அநேகமாக எல்லா உறுப்பிலும் ஏற்பி உண்டு. அதனால்தான் அது குறையும்போது இதயம் மெதுவாகத் துடிக்கிறது, குடல் மந்தமாகிறது, தோல் வறள்கிறது, முடி கொட்டுகிறது. தைராய்டை எழுப்ப மூளை கூடுதலாக அனுப்பும் டிஆர்எச் என்ற தூது, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினையும் கிளப்பிவிடும். அது கூடினால் கருமுட்டை வெளிவருவது தடுமாறும், மாதவிலக்கு தள்ளிப்போகும். எடையை மட்டும் முழுக்க இதன் தலையில் போட முடியாது. இதனால் கூடுவது பெரும்பாலும் சில கிலோதான்.

மீன் விஷயத்தில் நீங்கள் கேட்டது சரி. கடல் மீன் சாப்பிடுவோருக்கு அயோடின் குறைவது அரிது. உங்கள் வயதுப் பெண்களுக்குப் பெரும்பாலும் காரணம் வேறு: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறது. ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ 1912இல் இதை விவரித்தார், நோய்க்கும் அவர் பெயர்தான். ஆனால் ஒன்று, உப்பளத்துக் கல் உப்பில் அயோடின் தானாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள். ‘பாசியை அரைத்துக் குடி’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சில பாசிகளில் அயோடின் மிக அதிகம். அது சோர்ந்த தைராய்டை இன்னும் முடக்கிவிடும்.

பத்து நாளில் நிறுத்தியதுதான் தப்பு. பயந்தால் சுரக்கும் அட்ரினலின் நொடிகளில் வேலை செய்யும். மாத்திரையில் இருக்கும் தைராய்டு ஹார்மோன் நிதானமானது. மாத்திரையின் பாதி உடம்பிலிருந்து கழியவே சுமார் ஒரு வாரம் ஆகும். ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் சாப்பிட்ட பிறகுதான் மறுபடி ரத்தம் பார்ப்போம். ‘ஹார்மோன் மாத்திரை பழகிவிடும்’ என்ற பயம் வேண்டாம், உங்கள் சுரப்பி கொடுக்காததைத்தான் அது கொடுக்கிறது.

விடிகாலையில் கடலுக்குக் கிளம்புகிறவர் நீங்கள். எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து டீ குடியுங்கள். அது சரிப்படாவிட்டால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

அப்புறம், அடுத்த மாதமும் தள்ளிப்போனால் தைராய்டுதான் என்று இருந்துவிடாமல் கர்ப்பப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். கர்ப்பம் என்றால் மாத்திரையை நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.