பழைய ராக்கெட் கிட்: காசு கொடுக்கும் முன்னும் பசை போட்ட பின்னும்

கேள்வி: ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் சாட்டர்ன் 5 (நிலவுக்குச் சென்ற ராக்கெட்), 1/144 அளவு கிட் (பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாதிரி) ஒன்று பழையதாக விற்பனைக்கு வந்திருக்கிறது. ‘பெட்டி திறந்தது, பாகங்கள் முழுசாக இருக்கின்றன’ என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?
- வாசகர், லாஸ்பேட்டை

பெட்டியின் படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பாகங்கள் கோத்திருக்கும் ஃப்ரேம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உதிர்ந்து கிடக்கும் பாகங்களை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி ஒரு படம், செய்முறைத் தாளை விரித்து ஒரு படம், டீக்கால் தாளை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் குறிகள் உள்ள தாள்) பகல் வெளிச்சத்தில் ஒரு படம். பாக எண்களைச் செய்முறைத் தாளோடு நீங்களே ஒப்பிடுங்கள்.

எது இல்லாவிட்டால் எவ்வளவு நஷ்டம் என்பதுதான் விலையைத் தீர்மானிக்க வேண்டும். வால் இறக்கை ஒன்று காணாமல் போனால் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டிக்கொள்ளலாம். முதல் அடுக்கின் ஐந்து எஞ்சின் குழல்களில் ஒன்று குறைந்தாலோ, உச்சியில் நிற்கும் தப்பிப்புக் கோபுரம் (ஆபத்தில் வீரர்களை விலக்கிக் கொண்டுபோவது) ஒடிந்து பாதி தொலைந்திருந்தாலோ, அதைக் கையால் செய்வது பெரும்பாடு. இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். உருளைப் பாதிகள் லேசாக வளைந்திருந்தால் பயப்பட வேண்டாம். 60 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் வைத்து, நேரான குழாயில் கட்டி ஆறவிட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். கொதிநீர் மட்டும் ஆகாது, பாகம் துவண்டுவிடும்.

டீக்கால் மஞ்சளித்திருந்தால் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் ஒட்டிச் சில நாள் வெயில் காட்டினால் ஓரளவு வெளுக்கும். ஆனால் வயதான டீக்கால் தண்ணீரில் போட்டதும் அப்பளமாக நொறுங்கும். அதனால் முதலில் முழுத் தாள் மீதும் கிளியர் லேக்கர் (நிறமில்லாத வார்னிஷ்) ஸ்ப்ரே அடித்துக் காயவிடுங்கள். இப்போது தாள் முழுவதும் ஒரே படலம் என்பதால், ஒவ்வொரு குறியையும் ஓரம் ஒட்டி வெட்டிய பிறகே நனைக்க வேண்டும். தேவைப்படாத ஒரு சின்னக் குறியில் சோதித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

தனிமனிதர் ஒருவர் தன் அலமாரிப் பொருளை விற்கும்போது நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. எனவே முழுப் பணத்தையும் முன்கூட்டி யுபிஐயில் அனுப்பாதீர்கள். கடையிலோ இணையக் கடையிலோ வாங்கிப் பாகம் குறைந்தால் கதை வேறு. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள், கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் மலிவாக முடியுமா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பெரும்பாலும் முடியாது. அளவு குறைத்த மாதிரிகள் சுங்கப் பட்டியலில் பொம்மைகளோடு 9503 என்ற தலைப்பில் வருகின்றன. அதன் அடிப்படை வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் ஏறியது. அஞ்சல் கட்டணமும் மதிப்போடு சேர்ந்துதான் கணக்காகும். ‘கிஃப்ட்’ என்று எழுதி அனுப்பச் சொல்லும் பழைய யோசனையை மறந்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் பாதி கட்டிய பழைய ராக்கெட் கிட் இருக்கிறது. எனாமல் பெயிண்ட் தடிமனாகப் பூசியிருக்கிறார்கள், கோணலாகவும் ஒட்டியிருக்கிறார்கள். பிரித்துத் திரும்பக் கட்டலாமா?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பெயிண்ட் போகும். டாட் 3 பிரேக் ஆயிலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, பாகங்களை ஓர் இரவு மூழ்க வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவினால்தான் அடுத்த பெயிண்ட் பிடிக்கும். கையுறை அவசியம். மீந்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் மெக்கானிக் கடையில் கழிவு ஆயிலோடு சேர்த்துவிடுங்கள். கண்ணாடிபோலத் தெளிவான பிளாஸ்டிக் பாகங்களை இதில் போடாதீர்கள். பெயிண்ட் கடைத் தின்னர், அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி எதுவும் கிட்டே வரக்கூடாது. பெயிண்டோடு கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனும் கரைந்து போகும்.

ஒட்டைப் பிரிப்பது பசையைப் பொறுத்தது. ஃபெவிக்விக் வகையாக இருந்தால் ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து, இடுக்கில் மெல்லிய பிளேடைக் கொடுத்தால் டக்கென்று விடும். பிளாஸ்டிக் சிமெண்ட் என்றால் இரண்டு பாகமும் உருகி ஒன்றாகிவிட்டன என்று பொருள். எந்தத் திரவமும் பிரிக்காது. மெல்லிய ரம்பத்தால் இணைப்புக் கோட்டிலேயே அறுத்து, ரம்பம் தின்ற கனத்துக்குப் பிளாஸ்டிக் ஷீட் வைத்து ஒட்டுங்கள். கோணல் கண்ணை உறுத்தாத அளவுதான் என்றால் அறுக்காமல் விடுவதே நல்லது.

கேள்வி: சாட்டர்ன் 5 கிட்டின் பெட்டியில் உள்ள கறுப்புப் பட்டைகளும் நாசா படங்களில் உள்ளவையும் பொருந்தவில்லை. எதை நம்புவது?
- வாசகர், முதலியார்பேட்டை

படங்களை. பழைய கிட்கள் பலவற்றின் வண்ணத் திட்டம் எஸ்ஏ-500எஃப் என்ற சோதனை ராக்கெட்டைப் பின்பற்றியது. 1966 மே 25 அன்று ஏவுதளத்துக்குக் கொண்டுவரப்பட்ட அது பறக்கவே இல்லை. வசதிகளைச் சரிபார்க்கத்தான் செய்தார்கள். அதில் முதல் அடுக்கின் இரு தொட்டிகளுக்கு நடுப்பகுதியிலும் கறுப்பு உண்டு. வெயிலில் சூடேறுவதால் பறந்த ராக்கெட்டுகளில் அந்த இடம் வெள்ளையானது. ஆகவே முதலில் ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுங்கள், அப்போலோ 11 என்றே வையுங்கள். அந்த ராக்கெட்டின் ஏவுதளப் படங்களை மட்டும் பாருங்கள். காட்சிக்கூட ராக்கெட்டுகளின் படங்கள் குழப்பும், பலவற்றுக்குப் பின்னாளில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு திருத்தங்களுக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. தப்பிப்புக் கோபுரம் மேலே இருக்கும்வரை விண்வெளி வீரர்கள் அமரும் கூம்பை ஒரு வெள்ளை உறை மூடியிருக்கும், அதனால் வெள்ளிப் பூச்சு தவறு. அதேபோல முதல் அடுக்கின் எஃப்-1 எஞ்சின்கள் பறக்கும்போது வெப்பக் காப்பு உறை சுற்றியே இருந்தன. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, விரித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலால் எஞ்சின்மேல் சுற்றுங்கள். பளபளப்பு மிஞ்சினால் மேட் வார்னிஷ் போதும்.

அதிக நேரம் இழுப்பது உருளைப் பாதிகள் சேரும் நீளவாட்டு இணைப்புக் கோடு. பசையில்லாமல் பொருத்திப் பார்த்து, ரப்பர் பேண்ட் போட்டு, மெல்லிய பிளாஸ்டிக் சிமெண்டைக் கோட்டில் ஓடவிட்டு ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு கார் பெயிண்டர்கள் போடும் என்.சி. புட்டியை மெல்லியதாக, இரண்டு மூன்று தடவையாகப் போடுங்கள். தடியாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், வாரம் கழித்து அமிழ்ந்து பள்ளம் விழும், கீழே பிளாஸ்டிக்கும் இளகும். 400, பிறகு 800 வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். உருளையில் நெளிவரிகள் (மேடாக ஓடும் மெல்லிய வரிகள்) உள்ள இடத்தில் அவையும் தேய்ந்துவிடும். மீந்த ஃப்ரேம் குச்சியை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் வெளியே எடுத்து இழுத்தால் நூல்போல வரும். அதை வரிவரியாக ஒட்டி ஈடுசெய்யலாம்.

கட்டி முடித்தால் உயரம் சுமார் 77 செ.மீ. மின்விசிறிக் காற்றே சாய்த்துவிடும். அடிப்பகுதியை மூடும் முன் உள்ளே ஒரு போல்ட்டை எம்-சீலால் பதித்து, மரப்பலகையில் நட்டுப் போட்டு முடுக்குங்கள்.

கேள்வி: ஸ்ப்ரே அடித்தால் வெள்ளையாகப் பனி படர்ந்ததுபோல் ஆகிறது. டப்பா போலியா?
- வாசகர், தேவனாம்பட்டினம்

கடலோரக் காற்றின் ஈரம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரம் அதில் படிகிறது. காலை பத்து மணிக்கு மேல், கடற்காற்று எழும் முன் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ப்ரேயே வேண்டாம். ஏற்கெனவே வெளுத்திருந்தால் வறண்ட நாளில் அதே ஸ்ப்ரேயை மெல்லிய ஈரப் படலமாக ஒரு முறை அடித்தால் பெரும்பாலும் தெளியும்.

கேள்வி: இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட் மாதிரியைக் கிட் வாங்காமல் செய்ய வழி உண்டா?
- வாசகர், வில்லியனூர்

பிவிசி பைப் கடைக்குப் போங்கள். சந்திரயான்-3-ஐ 2023 ஜூலை 14 அன்று ஏற்றிச் சென்ற இந்த ராக்கெட்டின் உயரம் 43.5 மீட்டர், நடு உருளையின் விட்டம் 4 மீட்டர், பக்கவாட்டு எஸ்200 பூஸ்டர்கள் 3.2, செயற்கைக்கோளை மூடும் தலைக்கவசம் 5 மீட்டர். 1/100 அளவில் முறையே 40, 32, 50 மி.மீ. மூன்றும் அப்படியே சந்தையில் உள்ள பைப் அளவுகள்! இஞ்சுக் கணக்கில் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு இஞ்ச் என்று சொன்னால் ஐஎஸ் 4985 (இந்தியத் தரக் குறியீடு) சாம்பல் பைப் 32 மி.மீ., வெள்ளை யுபிவிசி 33.4, சிபிவிசி 28.6 என்று வெளிவிட்டம் மாறும். ஐஎஸ் 4985 முத்திரை பார்த்து, மில்லிமீட்டரில் கேளுங்கள். முழுப் பைப் வேண்டாம், பிளம்பர்களிடம் துண்டு கிடைக்கும்.

இது பாலிஸ்டைரீன் இல்லை, கிட் சிமெண்ட் ஒட்டாது. பிவிசி சால்வெண்ட்டோ ஃபெவிக்விக்கோ போடுங்கள். பைப்பின் மினுக்கை 220 உப்புத்தாளால் போக்கி பிரைமர் அடித்த பிறகே வெள்ளை அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உரிந்துவிடும். கூம்புகளை மென்மரத்தில் செதுக்கலாம். புறப்படும்போது எரிவது இரு பூஸ்டர்கள் மட்டும்தான் என்பதால், தீப்பிழம்பு வைக்கும் ஆசை இருந்தால் நடு எஞ்சின்களுக்கு வைக்காதீர்கள்.