மாத்திரை மாற்றும் முன்: தூக்கம், எடை, படபடப்பு பற்றிய கேள்வி பதில்

கோவையில் மனநலப் பிரிவில் பல வருடம் செவிலியராக இருந்தவள் நான். மருந்து எழுதுவதும் அளவைக் கூட்டிக் குறைப்பதும் டாக்டர் வேலை, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் மனச்சிதைவுக்கோ இருதுருவ நோய்க்கோ கொடுக்கும் மாத்திரையை மாற்றும்போது வீட்டில் என்னென்ன நடக்கும், டாக்டரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்ல முடியும். கேள்விகள் வந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

திருப்பூரிலிருந்து: அக்கா, பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லருங்க. ஓலான்சபின் 15 மி.கி. ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன். குரல் கேட்பது சுத்தமாக நின்றுவிட்டது. ஆனால் எட்டரை ஷிப்டுக்குப் போய் உட்கார்ந்தால் பதினோரு மணி வரைக்கும் கண் சொக்குகிறது. எடையும் ஏறிவிட்டது. அரிபிபிரசோலுக்கு மாற்றச் சொல்லலாமுங்களா?

குரல் நின்றதே பெரிய விஷயம் தம்பி, பேச்சை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். புது மாத்திரையில் தூக்கம் குறையும் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். குரலை இதே அளவுக்கு அடக்குமா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அதனால் மாத்திரையை மாற்றாமலே செய்யக்கூடியதை முதலில் பாருங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு விழுங்குகிறீர்கள்? ஒன்றரை ஷிப்ட் அளவு வேலை முடித்து வந்து, குளித்து, சாப்பிட்டு, கொஞ்ச நேரம் போன் பார்த்துவிட்டு பதினொன்றரைக்குப் போடுகிறவர்கள்தான் அதிகம். ஓலான்சபின் ரத்தத்தில் உச்சத்துக்கு வர ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும், அப்படியென்றால் விடிகாலை ஐந்தரைக்கு, நீங்கள் எழ வேண்டிய நேரத்தில்தான் அது முழு வேகத்தில் இருக்கும். வண்டி ஓட்டி வீடு வந்து சேர்ந்ததும் எட்டரை, ஒன்பதுக்கே போட்டுவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது இந்த மாத்திரைக்கு முக்கியமில்லை. இதனால் காலை மப்பு முழுதாகப் போகாது, பாதி மருந்து உடம்பை விட்டு இறங்கவே ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும், ஆனால் பலருக்கு அந்த முதல் இரண்டு மணி நேரம் தெளிந்துவிடும். சளிக்கு, அரிப்புக்கு என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும் சேர்ந்தால் தூக்கம் இரட்டிப்பாகும், அதையும் பாருங்கள். அடுத்து, ஒரு வருடம் நன்றாக இருப்பதால் 15-ஐ மெதுவாகக் குறைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

இதெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால் மாற்றுவது நியாயமான யோசனைதான். எடை உங்கள் பக்கம் வலுவான காரணம். தூக்கம் பெரும்பாலும் முதல் சில வாரங்களில் பழகிப்போகும், எடை அப்படி இல்லை, காத்திருந்தால் இறங்காது. அரிபிபிரசோலில் தூக்கமும் எடையும் குறைவு, அதற்குப் பதிலாகச் சிலருக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காத படபடப்பு வரும். நாள் முழுக்க டேபிளில் உட்கார வேண்டிய ஆள் நீங்கள், அதை முன்பே தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

டாக்டர் பெரும்பாலும் புதியதைச் சேர்த்து, அது நிலைத்த பிறகு பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். அரிபிபிரசோல் உடம்பில் ஒரு நிலைக்கு வரவே இரண்டு வாரம் ஆகும், பழையது குறையும்போது சில ராத்திரி தூக்கம் கெடும், குமட்டும். தூக்க மாத்திரை போல வேலை செய்துகொண்டிருந்த ஒன்று விலகுவதால் வருவது அது. அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று உடனே பயந்துவிட வேண்டாம். ஆனால் குரல் மெல்லத் தலைகாட்டினாலோ, பக்கத்து டேபிள்காரர் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார் என்று தோன்றினாலோ அன்றைக்கே சொல்லுங்கள். தீபாவளி ஆர்டர் நெருக்கும் மாதத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

கோபியிலிருந்து ஒரு அம்மா: என் மகன் ரிஸ்பெரிடோன் சாப்பிடுகிறான். நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான். அவங்கப்பா சோம்பேறி என்று திட்டுகிறார். மாத்திரையை மாற்றினால் எழுந்து வருவானாங்க?

அவன் சோம்பேறி இல்லைங்கம்மா. இதை அவங்கப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

படுத்தே கிடப்பதற்கு மூன்று நான்கு காரணம் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. மாத்திரைத் தூக்கம் என்றால் காலையில் பாரமாக இருந்து சாயங்காலம் ஆக ஆகத் தெளியும். கண் விழித்துத்தான் இருக்கிறான், ஆனால் எதிலும் ஆசையில்லை, கேட்டால் ஒரு வார்த்தைதான் பதில் என்றால் அது நோயின் மிச்சமாக இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம், மாத்திரையை மாற்றுவதால் மட்டும் அது போகாது. மூன்றாவதை வீட்டில் பெரும்பாலும் கவனிப்பதில்லை: வாசலில் நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். கை வீசாமல் உடம்போடு ஒட்டி இருக்கிறதா, அடி சின்னச் சின்னதாக விழுகிறதா, முகத்தில் சிரிப்பு ஏறவில்லையா? ரிஸ்பெரிடோன் அளவு கூடினால் இந்த இறுக்கம் வரும். பார்க்கிறவர்களுக்கு அது சோம்பல் மாதிரியே தெரியும். அளவைக் குறைத்தாலே பலருக்குச் சரியாகிவிடும். தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை மூன்றுக்கும் ஒரு பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

ஒரு வாரம் நோட்டில் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்கு மாத்திரை, எப்போது எழுந்தான், எந்த நேரத்தில் தெளிவாகப் பேசினான், இவ்வளவு போதும். ஓ.பி.யில் கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் அந்த ஒரு பக்கம் டாக்டருக்கு நிறையச் சொல்லும்.

பொள்ளாச்சியிலிருந்து: கல்யாணமாகி ஒரு வருடம். எனக்கும் ரிஸ்பெரிடோன்தான். ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை, மார்பில் பால் மாதிரி கசிகிறது. ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தூக்கமெல்லாம் இல்லை, மாத்திரை மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள் அம்மணி. இல்லை என்றால், பெரும்பாலும் மாத்திரையால் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடியிருக்கும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன், அமிசல்பிரைடு மூன்றிலும் இது அடிக்கடி நடக்கிறது. வெட்கப்பட்டு வருடக்கணக்கில் மறைத்து வைத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன், மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கும். நீண்ட நாள் இப்படியே விட்டால் எலும்பு பலவீனமாகும், குழந்தை தங்குவதும் தள்ளிப்போகும்.

வாயால் சொல்ல முடியாவிட்டால் சீட்டில் எழுதி நீட்டுங்கள், அங்கே இருக்கும் நர்ஸிடமாவது சொல்லுங்கள். அளவைக் குறைப்பது, அரிபிபிரசோல் சேர்ப்பது, முழுதாக மாற்றுவது என்று வழிகள் உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மாற்றிய பிறகு கருத்தரிக்கும் வாய்ப்பும் திரும்பிவிடும், அதனால் குழந்தை எப்போது என்பதையும் அதே நாளில் டாக்டரிடம் பேசிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சோமனூரிலிருந்து: தறி ஓட்டுகிறேன். நைட் ஷிப்ட் வரும் வாரம் மட்டும் குவெட்டியாபினைப் பாதியாகப் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். பாதி போட்ட வாரங்கள் சேர்ந்துதான் நோயைத் திரும்பக் கொண்டுவரும். பகலில் தூங்கப் போகும் நேரத்துக்கு மாத்திரையை நகர்த்த முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதைவிட நல்லது, பகல் ஷிப்ட் மட்டும் கொடுக்கச் சொல்லி அவரிடம் ஒரு கடிதம் வாங்கி முதலாளியிடம் கொடுப்பது. நோயின் பெயரை அதில் எழுத வேண்டியதில்லை. குவெட்டியாபின் போட்டுப் படுத்தவர்கள் சட்டென்று எழுந்து நிற்கவும் கூடாது, ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

கரூரிலிருந்து: மனைவிக்குத் தூக்கம் அதிகம் என்று போன மாதம் அரிபிபிரசோலுக்கு மாற்றினார்கள். இப்போது உட்காரவே மாட்டேன் என்கிறாள். ஹாலில் நடந்துகொண்டே இருக்கிறாள், அழுகிறாள். நோய் திரும்பிவிட்டதா? மாத்திரையைக் கூட்டிக் கொடுக்கட்டுமா?

கூட்ட வேண்டாம். இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், அடுத்த மாத ஓ.பி. வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

உங்கள் மனைவியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "மனசு ஓடுதா, இல்ல காலு ஓடுதா?" யாரோ துரத்துகிறார்கள், யாரோ பேசுகிறார்கள் என்று இல்லாமல், கால் உள்ளே குடைகிறது, நடந்தால்தான் கொஞ்சம் தேவலாம் என்று சொன்னால் அது அகதீசியா. மருந்து தருகிற படபடப்பு அது. இதை நோய் என்று நினைத்து அளவைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். இந்த நிலை தாங்க முடியாத வேதனை, உயிரை விட்டுவிடலாம் என்கிற எண்ணம் வரைக்கும் சிலரைக் கொண்டுபோய்விடும், அதனால் தனியாக விடாதீர்கள். அளவைக் குறைப்பார்கள், அல்லது புரோபிரனலால் போன்ற ஒன்றைச் சேர்ப்பார்கள். புரோபிரனலால் ஆஸ்துமாவுக்கு ஆகாது, அது இருந்தால் மறக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தாராபுரத்திலிருந்து: பக்கவிளைவே இல்லாத மாத்திரை எதுங்க?

அப்படி ஒன்று இன்னும் வரவில்லைங்க. அமெரிக்காவில் மனச்சிதைவு உள்ள ஏறக்குறைய 1,500 பேரை வைத்து நடத்திய கேட்டி ஆய்வு 2005-இல் வெளிவந்தது. 18 மாதத்துக்குள் 74 சதவீதம் பேர் ஆரம்பித்த மாத்திரையை ஏதோ ஒரு காரணத்துக்காக விட்டுவிட்டார்கள். ஓலான்சபின் எடுத்தவர்கள்தான் அதிக நாள் தொடர்ந்தார்கள், எடை அதிகம் ஏறியதும் அவர்களுக்குத்தான். மாத்திரை மாற்றம் என்பது பெரும்பாலும் ஒரு தொந்தரவைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவது. எதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்பதைச் சாப்பிடுகிறவரிடம்தான் கேட்க வேண்டும். லாரி ஓட்டுகிறவருக்குத் தூக்கம்தான் முதல் பிரச்சினை. அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை இருக்கிற பையனுக்கு எடை. வீட்டில் இருக்கிறவர்களுக்கு அவர் அமைதியாக இருந்தால் போதும் என்று தோன்றும், அவர் இழந்தது எதுவும் அவர்கள் கணக்கில் வராது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

எந்த மாத்திரையாக இருந்தாலும், மாற்றும் முன் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் எடுத்து எழுதி வையுங்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுங்கள். நம்மவர்களுக்கு இடுப்பு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை. சாயங்காலம் பேக்கரி டீயோடு பப்ஸும் தேங்காய் பன்னும் தினசரி என்றால் அதையும் கணக்கில் சேர்த்துத்தான் மாத்திரையைக் குற்றம் சொல்ல வேண்டும்.

ஈரோட்டிலிருந்து: தம்பிக்கு இரண்டு மாத்திரை கேட்கவில்லை, குளோசபின் என்கிறார்கள். அது இன்னும் தூக்கமாமே? அவன் பீடியும் குடிப்பான்.

தூக்கம் கூடத்தான் செய்யும். ராத்திரி தலையணை நனைகிற அளவுக்கு எச்சில் ஊறும். ஆனாலும் இரண்டு மாத்திரை, போதுமான அளவில் போதுமான நாள் கொடுத்தும் கேட்காதவர்களுக்கு இதற்கு நிகரானது வேறில்லை. தூக்கம் அதிகமான மாத்திரைக்கு மாறுவதும் சில நேரம் சரியான முடிவுதான். பத்து வருடம் குரலோடு சண்டை போட்டவர்கள் இதில் வேலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

விதிகள் கடுமை. முதல் 18 வாரம் வாரா வாரம் வெள்ளை அணு பரிசோதனை. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்கக் கூடாது, டாக்டர் குறைந்த அளவிலிருந்து ஏற்றுவார். மலச்சிக்கலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், குடல் நின்றுபோய் உயிருக்கே ஆபத்தாகலாம், தினமும் வெளியே போனானா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

பீடி விஷயம் முக்கியம். அந்தப் புகை, குளோசபினையும் ஓலான்சபினையும் ஈரல் சீக்கிரம் கரைக்கும்படி செய்கிறது. திடீரென்று பீடியை விட்டால் அதே மாத்திரை ரத்தத்தில் ஏறிவிடும், ஆள் தூங்கி வழிவான், வலிப்பும் வரலாம். விடுவது நல்லதுதான், டாக்டரிடம் சொல்லிவிட்டு விடட்டும்.

பல்லடத்திலிருந்து: தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறோம். விடிகாலை மூன்று மணிக்கே நடை தொடங்கும். ராத்திரி மாத்திரையை அந்த நாட்களில் மட்டும் நிறுத்திக்கொள்ளட்டுமா? போன வாரம்தான் அளவை மாற்றினார்கள்.

நடந்து போங்கள், மாத்திரையோடு போங்கள். அளவு மாறிய கையோடு மாத்திரையும் விட்டு, தூக்கமும் கெட்டால் நோய் திரும்ப அதுவே போதும். சாயங்காலம் ஆறரை, ஏழுக்கே போட்டுப் படுத்துவிடலாமா என்று கேளுங்கள், உங்கள் குழுவை ஐந்து மணிக்குக் கிளம்பச் சொல்லுங்கள், அதுவும் ஒத்துவராவிட்டால் பாதி தூரம் பஸ்ஸில் போங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். தார் ரோட்டில் இருட்டில் தூக்கக் கலக்கத்தோடு நடப்பதுதான் எனக்குப் பயம், ரோட்டின் ஓரத்தில், ஒளி அடிக்கிற பட்டை ஒட்டிக்கொண்டு, துணையோடு நடங்கள். நடுக்கத்துக்கு டிரைஹெக்சிபெனிடில் சேர்த்திருந்தால் வேர்வை குறையும், உடம்பு சூடேறும், உச்சி வெயிலில் நடக்காதீர்கள். இருதுருவ நோய்க்குக் கொடுக்கும் லித்தியமும் எடுக்கிறவராக இருந்தால் தண்ணீர் குறையவே கூடாது. உடம்பு மரக்கட்டையாக இறுகி, காய்ச்சல் அடித்து, பேச்சு குழறினால் நடையை அங்கேயே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து, கூட வருகிறவர் போனிலும் ஒன்று போட்டு வையுங்கள். வழியில் யாரையும் கேட்க முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.