வாசகர் கேள்வி-பதில்: பகையாளிகள் ஒரே அணியில் சேர்ந்தது எப்படி?

கேள்வி: 1875-ல் கொமாஞ்சே தலைவர் குவானா பார்க்கர் அமெரிக்க ராணுவத்திடம் சரணடைந்த பிறகும், பணியாத கொமாஞ்சே வீரர்கள் சிலர் அப்பாச்சேக்களோடு சேர்ந்து போரிட்டார்களாமே? அமெரிக்கப் பழங்குடிகளான இந்த இரண்டு இனத்துக்கும் தீராப் பகை ஆயிற்றே?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: பகை உண்மைதான். 18-ம் நூற்றாண்டில் தெற்குச் சமவெளியை விட்டு அப்பாச்சேக்களைத் துரத்தியவர்களே கொமாஞ்சேக்கள். ஆனால், எந்தச் சமவெளிக்காக அடித்துக்கொண்டார்களோ அது இருவர் கையையும் விட்டுப் போய்விட்டது.

1874 செப்டம்பர் 28 அன்று டெக்சஸின் பாலோ டூரோ பள்ளத்தாக்கில் முகாமிட்டிருந்த கொமாஞ்சேக்கள் மீதும் கூட்டாளிகள் மீதும் அமெரிக்க ராணுவக் கர்னல் மெக்கன்சியின் படை இறங்கியது. உயிர்ச்சேதம் சொற்பம். ஆனால் சுமார் 1,400 குதிரைகள் பிடிபட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சுட்டுத் தள்ளினார்கள். கூடாரங்களையும் குளிர்காலத்துக்குச் சேர்த்த உணவையும் கொளுத்தினார்கள். வேட்டை, போர், இடம்பெயர்வு எல்லாமே குதிரை முதுகில் நடத்தியவர்களுக்கு இது கைகால் போனதற்குச் சமம். காட்டெருமைகளையோ தோல் வியாபாரத்துக்காக வேட்டைக்காரர்கள் அழித்துக்கொண்டிருந்தார்கள்.

1876 டிசம்பரில் பிளாக் ஹார்ஸ் என்ற கொமாஞ்சே தலைவர் சுமார் 170 பேரோடு மீண்டும் கிளம்பினார். 1877 மார்ச்சில் எல்லோ ஹவுஸ் பள்ளத்தாக்கில் வேட்டைக்காரர்களோடு மோதியதுதான் அவர்களின் கடைசிப் பெரிய சண்டை. அதன் பிறகும் பணியாதவர்களுக்கு மலைதான் கதி. மலை அப்பாச்சேக்களுடையது.

அப்பாச்சேக்கள் குதிரையை நம்பி வாழவில்லை. குதிரை களைத்து விழுந்தால் அதையே அறுத்துத் தின்றுவிட்டு நடப்பார்கள். காட்டெருமை இல்லாவிட்டால் கற்றாழை: இலைகளைச் சீவிவிட்டு நடுக்குருத்தைச் சூடேறிய கற்கள் பரப்பிய குழியில் போட்டு, புல்லும் மண்ணும் மூடி, நாள் கணக்கில் வேகவிடுவார்கள். மிஞ்சியதைக் காயவைத்தால் வழிச்சோறு.

அப்பாச்சே தலைவர் விக்டோரியோ 1879, 80-ல் நடத்திய போரில் கொமாஞ்சேக்கள் இருந்தார்கள். ஆனால் சிலர்தான். இரண்டு இனங்களின் கூட்டணி என்று இதைப் பெருக்கிச் சொல்வது தவறு.

தோற்றது வீரம் குறைந்ததால் அல்ல, தண்ணீரால். அமெரிக்க ராணுவத்தின் கர்னல் கிரியர்சன் அவர்களைத் துரத்தி ஓடவில்லை. தண்ணீர்ப் பஞ்சத்தில் தெருக்குழாயைப் பிடித்துக்கொண்டவர் கையில் தெருவே இருப்பதுபோல, மேற்கு டெக்சஸின் சுனைகளில் ஆட்களை நிறுத்தினார். 1880 ஆகஸ்டில் சுமார் 105 கிலோமீட்டரை 21 மணி நேரத்தில் கடந்து, ராட்டில்ஸ்னேக் சுனையை விக்டோரியோவுக்கு முன்பே பிடித்தார். தாகத்தோடு வந்தவர்களைத் துப்பாக்கிகள் எதிர்கொண்டன. மெக்சிகோவுக்குத் திரும்பிய விக்டோரியோ, அக்டோபரில் டிரெஸ் காஸ்டியோஸில் கொல்லப்பட்டார்.

கேள்வி: ஜெரோனிமோ அப்பாச்சே. அவர் கல்லறை மட்டும் கொமாஞ்சே மண்ணில் இருப்பது ஏன்?
- வாசகி, ராயபுரம்

பதில்: 1886-ல் சரணடைந்த அவரையும் மக்களையும் போர்க்கைதிகளாக ஃபுளோரிடாவுக்கும், பிறகு அலபாமாவுக்கும் கொண்டுபோனார்கள். 1894-ல் கொமாஞ்சேக்களுக்கு ஒதுக்கிய நிலத்தில் இருந்த ராணுவக் கோட்டையான ஃபோர்ட் சில்லுக்கு மாற்றினார்கள். குவானா சரணடைந்ததும் அங்கேதான். ஜெரோனிமோ 1909-ல் கைதியாகவே அங்கே இறந்தார்; கல்லறையும் அங்கேதான். அவருடைய மக்களுக்கு விடுதலை கிடைத்தது 1913-ல்.