மாத்திரையை நிறுத்துவதற்கு முன்

அன்புள்ள அக்கா,

எனக்கு 29 வயது. நான்கு வருடமாக முடக்குவாதம். வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட், தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடுக்கிறேன். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி தொடங்கிவிட்டது. இத்தனை மாத்திரை சாப்பிட்டால் குழந்தைக்கு ஆகாது என்று மாமியார் பயப்படுகிறார். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முயற்சி செய்யலாமா? குழந்தைக்கும் இது வருமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் நிறுத்தாதே. உன் மாமியாரின் பயம் மெத்தோட்ரெக்ஸேட் விஷயத்தில் நியாயமானது. அது கருவைக் கலைக்கும், குறைபாட்டை உண்டாக்கும். குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்திய பிறகும் அந்த மாதங்கள் முடியும்வரை கருத்தடை கட்டாயம். ஆனால் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் அப்படியல்ல. கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் தொடரலாம். மெத்தோட்ரெக்ஸேட்டுக்குப் பதிலாக சல்ஃபாசலசின் போன்ற ஒன்றை ஃபோலிக் ஆசிடோடு கொடுப்பதும் உண்டு. ஆகவே முதலில் வாத டாக்டரிடம் போய், "எனக்குக் குழந்தை வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல். எனக்கும் இதே முடக்குவாதம்தான். நான் அப்படிச் சொல்லக் கூச்சப்பட்டு, நானாகவே எல்லா மாத்திரையையும் நிறுத்தினேன். ஆறாவது வாரம் தோசைக்கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. நோய் கொதித்துக்கொண்டிருந்தால் கரு தங்குவதே தாமதமாகும். மாற்றிய மருந்தில் சில மாதம் மூட்டு அடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி.

வலி மாத்திரையையும் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதே. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கலாம். 20 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரைக் குறைக்கலாம். ஆன்டி-ரோ ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்றும் கேள். அது பாசிட்டிவாக இருந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கூடுதலாகக் கவனிப்பார்கள்.

நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதம் உள்ள பெண்களுக்குக் கர்ப்பத்தில் வலி குறைவதை 1930களிலேயே கவனித்தார். அது ஏன் என்று தேடிப் போன வழியில்தான் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு சிகிச்சை வந்தது. 1950இல் நோபல் பரிசும் வந்தது. எல்லாருக்கும் அப்படிக் குறையாது. எனக்கு ஐந்தாம் மாதத்தில் குறைந்தது. மோதிரம் மறுபடி விரலில் ஏறிய அன்று அழுதேவிட்டேன்.

குழந்தைக்கு வருமா என்றால், குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை.

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில் நோய் பெரும்பாலும் திரும்பக் கிளம்பும். பால் கொடுக்கும்போது எந்த மருந்து எடுப்பது என்று இப்போதே டாக்டரிடம் பேசிவை. எனக்கு விடிகாலையில் ஜபலாவின் நாடாவை முடிச்சுப்போட விரல் மடங்காது. பிள்ளை பசியில் கத்துவான், நான் கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு நிற்பேன். அம்மா ஒருநாள் எல்லா நாடாவையும் வெட்டிவிட்டு வெல்க்ரோ தைத்துக் கொடுத்தார். விரலால் தூக்காமல் முழங்கையை அடியில் கொடுத்துத் தூக்கவும் அவர்தான் பழக்கினார். அந்த மூன்று நான்கு மாதம் உன்னோடு யார் இருப்பார்கள் என்று உன் கணவரிடம் இன்றைக்கே பேசு. டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போ.