அண்ணனை மட்டும் ஏன் சரிபார்க்கிறீர்கள்?

கேள்வி: நான் என்ஜினியர், மும்பை பக்கம் டோம்பிவிலியில் இருக்கிறேன். அம்மா, செம்பூரில் அண்ணன் வீட்டில். அண்ணன் ஒரு கட்சியின் வெறித்தனமான ஆதரவாளர். எனக்கு அதன் எதிர்க்கட்சிதான் சரி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் எதையாவது போடுகிறார். அவர் அனுப்புவதை ஒன்று விடாமல் சரிபார்த்துப் பதில் போடுவதற்குள் ராத்திரி பன்னிரண்டு ஆகிவிடுகிறது. இந்தக் களேபரத்தில் அம்மாவின் கேட்டராக்ட் ஆபரேஷன் தேதியை அவர் போட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. முடிந்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் கட்சிக்காரர்களுக்கு உண்மை எது, பொய் எது என்று யோசிக்கவே வராதா? அண்ணனை எப்படித் திருத்துவது?
– பெயர் வேண்டாம், டோம்பிவிலி

பதில்: "அவர் அனுப்புவதை ஒன்று விடாமல்" என்கிறீர்கள். உங்கள் பக்கத்து ஆட்கள் அனுப்புவதை? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. பிடிக்காத செய்தி வந்தால் தோண்டித் துருவுகிறீர்கள். பிடித்தது வந்தால் "அப்பவே சொன்னேனே" என்று ஃபார்வர்டு செய்கிறீர்கள். அண்ணனும் அதையேதான் செய்கிறார், அவர் பக்கத்துக்கு.

என்ஜினியர் என்பது உங்களைக் காப்பாற்றாது. 2013-இல் யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹான் குழு, அமெரிக்கர்கள் 1,111 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தியது. ஒரு சின்ன அட்டவணை: களிம்பு பூசியவர்களில் 223 பேருக்குத் தோல் தடிப்பு குறைந்தது, 75 பேருக்குக் கூடியது. பூசாதவர்களில் 107 பேருக்குக் குறைந்தது, 21 பேருக்குக் கூடியது. 223 கண்ணைப் பறிக்கிறது. களிம்பு நல்லது என்று பலர் சொல்லிவிட்டார்கள். வகுத்துப் பாருங்கள்: பூசியவர்களில் 75 சதவீதம், பூசாதவர்களில் 84 சதவீதம் குணம். கணக்கில் கெட்டிக்காரர்கள் இதைப் பிடித்துவிட்டார்கள். அதே எண்களைத் துப்பாக்கித் தடை, குற்றம் என்று, அங்கே கட்சிச் சண்டையாக இருக்கும் விஷயத்துக்குப் பெயர் மாற்றிக் கொடுத்ததும் கதை மாறியது. விடை தன் கட்சிக்கு ஆகாதபோது அந்தக் கெட்டிக்காரர்களே கோட்டை விட்டார்கள். அதுவும் இரண்டு கட்சியிலும். கணக்கு வராதவர்களைவிட இவர்களிடம்தான் இரு தரப்பு விடைகளும் அதிகம் விலகி நின்றன.

நம் ஊர்க் கணக்கையே எடுங்கள். 2013-14-இல் நாட்டின் பொருளாதார வளர்ச்சி 4.7 சதவீதமா, 6.9 சதவீதமா? இரண்டுமே அரசு வெளியிட்டவை. 2015 ஜனவரியில் அடிப்படை ஆண்டை, அதாவது எந்த வருட விலையை வைத்துக் கணக்கிடுவது என்பதை, 2004-05-லிருந்து 2011-12-க்கு மாற்றினார்கள். கணக்கிடும் முறையும் மாறியது. பழைய தொடரில் ஒன்று, புதிய தொடரில் ஒன்று என்று எடுத்துப் பக்கத்தில் வைத்தால் யாரை வேண்டுமானாலும் ஜெயிக்க வைக்கலாம். அண்ணன் அனுப்பினால் அடிப்படை ஆண்டைத் தேடுவீர்கள். உங்கள் ஆள் அனுப்பினால்?

நீங்கள் கடைசியாக நம்பி ஃபார்வர்டு செய்த பத்துச் செய்திகளை இன்று எடுங்கள். படமா, கூகுள் லென்ஸில் போட்டு முதலில் எங்கே, எந்த வருடம் வந்தது என்று பாருங்கள். சதவீதமா, எதில் சதவீதம், எந்த வருடத்தோடு ஒப்பீடு? வெட்டிய வீடியோவா, முழுப் பேச்சைத் தேடி, வெட்டிய இடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் கேளுங்கள். "நடுநிலையாகப் பார்க்கிறேன்" என்று சபதம் எடுப்பதில் பயனில்லை. 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், சிலரிடம் வேறு ஆய்வுகளின் முடிவுகளைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். பாரபட்சம் வேண்டாம் என்று மட்டும் சொல்லப்பட்டவர்கள் மாறவில்லை. "இதே ஆய்வு நேர்மாறான முடிவைத் தந்திருந்தால் இதே மதிப்புக் கொடுத்திருப்பேனா?" என்று யோசிக்கச் சொன்னபோதுதான் சாய்வு குறைந்தது. ஒவ்வொரு செய்திக்கும் கட்சிப் பெயரை மாற்றிப் போட்டு இதைக் கேளுங்கள்.

அண்ணன் முட்டாள் என்றும் முடிவு கட்டாதீர்கள். சரியான விடைக்குச் சிறு தொகை தருகிறோம் என்றதுமே, இரு கட்சியினரின் விடைகளுக்கு இடையிலான வித்தியாசம் பாதிக்கு மேல் சுருங்கியதை 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. பாதி நம்பிக்கை, பாதி கொடி பிடிப்பது. கொடி பிடித்து நிற்பவரைச் சொந்தபந்தம் எல்லாம் பார்க்க மடக்கினால் இறங்கி வருவாரா? அவரிடம் பேச வேண்டியதைத் தனியாக, போனில் பேசுங்கள்.

திருத்துவது இருக்கட்டும். அம்மாவைப் பார்த்துக்கொள்வது இரண்டு பிள்ளைகளின் கடமை. அதை ஒருவர்தான் செய்கிறார். அவர் போட்டதிலேயே உங்களுக்கு உண்மையில் வேண்டியிருந்த செய்தி அந்தத் தேதிதான். ஒன்று விடாமல் பார்த்தவர் அதை விட்டுவிட்டீர்கள். கேட்டராக்டுக்குப் பிறகு பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் சொட்டு மருந்து உண்டு. முதலில் ஒரு நாளைக்குப் பல தடவை, பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடமாவது இடைவெளி விட வேண்டும். யார் விடுகிறார்கள்? அண்ணியா? ஒரு தடவையாவது கேட்டீர்களா?

குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் பிடித்தால் செம்பூர். சனிக்கிழமையே போங்கள், மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்து அன்றைய சொட்டு முழுவதையும் நீங்களே விடுங்கள். ஞாயிறு வேண்டாம், பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தும் மெகா பிளாக் என்று அதையே சாக்காகச் சொல்வீர்கள்.