அன்னா ஷ்வார்ட்ஸின் காகிதப் பெட்டிகள்: சீட்டில் வந்த கேள்விகளும் பதில்களும்

போன மாதம் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாசகர் வட்டத்தில் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் அன்னா ஷ்வார்ட்ஸ் பற்றிப் பேசினேன். நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். பேச்சு நீண்டுவிட்டதால் கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். கடலூர்க்காரர்களும் புதுச்சேரிக்காரர்களும் எழுதியவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சார், நான் பாதியில்தான் வந்தேன். இந்த அம்மா யார்? (நெல்லிக்குப்பம் வாசகர்)

1915-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 19 வயதில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்தார். 1941-ல் அங்குள்ள தேசியப் பொருளாதார ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார், 2012-ல் இறக்கும்வரை அந்த நிறுவனத்தோடு தொடர்பு விடவில்லை. பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மனோடு சேர்ந்து அமெரிக்காவின் 1867 முதல் 1960 வரையான பணவியல் வரலாற்றை எழுதினார். 1963-ல் வந்த அந்தப் புத்தகம் எண்ணூறு பக்கத்துக்கு மேல்.

அவருக்கு டாக்டர் பட்டம் தாமதமாகத்தான் கிடைத்தது என்றீர்கள். ஏன் ஐயா? (திருப்பாதிரிப்புலியூர், எம்.ஏ. மாணவி)

1964-ல் கிடைத்தது. வயது ஐம்பதை நெருங்கிவிட்டது, நான்கு பிள்ளைகளுக்குத் தாய். 1930-களிலேயே பிரிட்டிஷ் பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கம் பற்றி இன்னும் இருவரோடு சேர்ந்து பெரிய ஆய்வு செய்திருந்தார். போர் குறுக்கிட்டதில் அது அச்சாகி வந்ததே 1953-ல். கடைசியில் பட்டம் வாங்கித் தந்தது ஃப்ரீட்மனோடு எழுதிய புத்தகத்தில் அவர் செய்த வேலைதான். சுருக்கமாகச் சொன்னால், துறையையே திருப்பிப்போட்ட புத்தகம் வெளிவந்தபோது அவர் பெயருக்கு முன்னால் டாக்டர் கிடையாது. வழிகாட்டியின் கையெழுத்துக்கு அலையும் உனக்கு இது ஆறுதலா, எரிச்சலா தெரியவில்லை அம்மா.

அவருடைய காகிதங்கள் எங்கே இருக்கின்றன? அதில் அப்படி என்ன இருக்கும்? (கூத்தப்பாக்கம் வாசகர்)

வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. பொருளாதார அறிஞர்களின் காகிதங்களுக்கென்றே அங்கே ஒரு தனிச் சேகரம் உண்டு. சாமுவேல்சன், மோடிக்லியானி காகிதங்களும் அதில்தான். ஃப்ரீட்மனின் காகிதங்கள் நாட்டின் இன்னொரு கோடியில், கலிஃபோர்னியாவின் ஹூவர் நிறுவனத்தில். அந்த நாளில் ஃப்ரீட்மன் இருந்தது சிகாகோ, ஷ்வார்ட்ஸ் இருந்தது நியூயார்க். வேலை பெரும்பாலும் தபாலிலேயே நடந்தது. எனவே கடிதப் போக்குவரத்தைப் படிக்க விரும்புகிறவர் இரண்டு இடத்தையும் பார்க்க வேண்டும்.

என்ன இருக்கும் என்றால், கடிதம், கைப்பிரதி, குறிப்பு. கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்காவில் மொத்தம் எவ்வளவு பணம் இருந்தது என்று எந்த அலுவலகத்திலும் ஒரு நீண்ட பட்டியல் தயாராக இருக்கவில்லை. தேசிய வங்கிகள் ஒரு அதிகாரிக்குக் கணக்கு அனுப்பின. மாநில வங்கிகள் அந்தந்த மாநிலத்துக்கு, வேறு வேறு தேதியில் அனுப்பின. ஜூன் மாதக் கணக்கு ஒன்று, அக்டோபர் கணக்கு இன்னொன்று. இவற்றை ஒரே தேதிக்குக் கொண்டுவந்து, ஒரு வங்கி இன்னொன்றில் வைத்திருக்கும் பணத்தை இரண்டு தடவை எண்ணாமல் கழித்து, இடைவெளியை நிதானமாக நிரப்ப வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்து செய்த வேலை. புத்தகத்தில் நாம் பார்ப்பது வழுவழுப்பான ஒரு கோடு. அந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் 'இதைச் சேர்ப்பதா, விடுவதா' என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். அது எங்கே தெரியும்? பெட்டிக்குள்தான்.

1929-ல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சிக்கு, அந்தப் பெருமந்தத்துக்கு, மத்திய வங்கிதான் காரணம் என்கிறார்களே, அது எப்படி? நான் வங்கியில் இருந்தவன், புரியும்படி சொல்லுங்கள். (மஞ்சக்குப்பம், ஓய்வு பெற்ற காசாளர்)

உங்களுக்குச் சொல்வது சுலபம். உங்கள் கிளையில் ஆயிரம் பேர் போட்ட பணத்தில் ஒரு பங்குதான் பெட்டகத்தில் இருக்கும், மீதி கடனாகப் போயிருக்கும். ஒருநாள் வதந்தி கிளம்பி, எல்லாரும் வாசலில் நின்று ரொக்கம் கேட்டால்? நீங்கள் கடனைத் திரும்பக் கேட்பீர்கள், பத்திரங்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளுவீர்கள். மக்கள் கையில் ஒரு ரூபாய் ரொக்கம் கூடுவதற்காக வங்கிகளின் வைப்பில் பல ரூபாய் கரைந்துபோகும்.

இதைத்தான் ஷ்வார்ட்ஸும் ஃப்ரீட்மனும் மூன்று எண்களாகப் பிரித்தார்கள்: மத்திய வங்கியும் கருவூலமும் வெளியிடும் அடிப்படைப் பணம், வைப்புக்கு எதிராக வங்கிகள் வைக்கும் கையிருப்பு, மக்கள் ரொக்கத்துக்கும் வைப்புக்கும் இடையே வைக்கும் விகிதம். 1929 ஆகஸ்டிலிருந்து 1933 மார்ச்சுக்குள் அமெரிக்காவில் பணத்தின் மொத்த அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது. அடிப்படைப் பணமோ கூடியிருந்தது! சுருக்கியது மற்ற இரண்டும்தான். 1930 டிசம்பர் 11-ல் நியூயார்க்கில் 'பாங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ்' மூடப்பட்டது. தனியார் வங்கிதான், ஆனால் பெயரைப் பார்த்து அரசு வங்கி என்று நினைத்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் தாராளமாகப் பணம் இறக்கியிருந்தால், பயம் வங்கிக்கு வங்கி பரவிய இந்தச் சங்கிலி அறுந்திருக்கும், அது கையைக் கட்டிக்கொண்டு நின்றது என்பதுதான் அவர்கள் வைத்த குற்றச்சாட்டு.

நம் பக்கத்தில் 1906-ல் சென்னையில் அர்பத்நாட் வங்கி கவிழ்ந்தபோது நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அடிக்குப் பிறகுதான் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது.

இதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்களா? (வில்லியனூர் வாசகர்)

இல்லை. 1976-ல் பொருளாதார வரலாற்று ஆய்வாளர் பீட்டர் டெமின், மக்கள் செலவு குறைந்ததுதான் முதலில், பணம் சுருங்கியது அதன் பின்விளைவு என்று வாதாடினார். முட்டையா கோழியா என்ற அந்தச் சண்டை சுவாரசியமானது, இன்னும் தீரவில்லை. ஆனால் 2002-ல் ஃப்ரீட்மனின் தொண்ணூறாவது பிறந்தநாள் விழாவில், அப்போது பெடரல் ரிசர்வ் ஆளுநர்களில் ஒருவராக இருந்த பென் பெர்னாங்கி இருவரையும் பெயர் சொல்லி அழைத்து, தவறு எங்களுடையதுதான், மன்னியுங்கள் என்று பேசினார். வேடிக்கை என்னவென்றால், அதே பெர்னாங்கி தலைவரான பிறகு, 2009-ல் அவருக்கு மறுநியமனம் தரக்கூடாது என்று பத்திரிகையில் எழுதியவர் 93 வயது அன்னா ஷ்வார்ட்ஸ்! பாராட்டினவர்களிடம் பல்லிளிக்கிற ஆள் இல்லை.

நோபல்? (தேவனாம்பட்டினம்)

1976-ல் ஃப்ரீட்மனுக்கு மட்டும். என் வருத்தத்தை எழுத இந்தச் சீட்டு போதாது.

சார், எங்கள் தாத்தா பெட்டியில் இந்தோசீன வங்கி போட்ட ரூபாய் நோட்டு இருக்கிறது. இதையும் ஷ்வார்ட்ஸ் பணக்கணக்கில் சேர்த்திருப்பாரா? (முத்தியால்பேட்டை)

நல்ல கேள்வி. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அந்த வங்கி வெளியிட்ட நோட்டு கடைத்தெருவில் ஓடிய பணம். ஷ்வார்ட்ஸ் எண்ணியது அமெரிக்கப் பணத்தை; அதே முறையில் புதுச்சேரிக்குக் கணக்குப் போட்டால், அன்று உங்கள் தாத்தா கையில் இருந்திருந்தால் அது கணக்கில் சேரும். அதே நோட்டு வங்கிப் பெட்டகத்துக்குள் கிடந்தால் சேராது, ஏனென்றால் அவர்கள் எண்ணியது வங்கிக்கு வெளியே மக்கள் வைத்திருந்த ரொக்கத்தை. இன்றைக்கு அது உங்கள் வீட்டுச் சொத்து, அவ்வளவுதான். தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள்.

நாமும் வீட்டுக் காகிதங்களைப் பாதுகாக்கலாமா? எதை வைப்பது, எதை எறிவது? (புதுநகர், இல்லத்தரசி)

என் அப்பா ஏலச்சீட்டு நடத்தினார். கறுப்புத் துணி பைண்டிங் போட்ட ஏழு நோட்டு. யார் எந்த மாதம் தள்ளி எடுத்தார், யார் தவணை தவறினார், எல்லாம் ஊதா மையில். பொருளாதாரம் படித்தவன் நான், அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தபோது ஓடு பறந்து மழைநீர் பரணில் இறங்கியது. வெயிலில் காயவைக்கலாம் என்று நானே பக்கங்களைப் பிரித்தேன். பிய்ந்து கையோடு வந்தன. ஏழில் இரண்டு மிஞ்சியது. ஒரு தெருவின் இருபது வருடக் கடன் வட்டி விகிதம் அதில் இருந்திருக்கும்.

எனவே இதைச் செய்யுங்கள் அம்மா. ஸ்டேப்ளர் பின்னையும் கிளிப்பையும் எடுத்துவிடுங்கள், துரு பிடிக்கும். செல்லோ டேப் ஒட்டவே கூடாது. காகிதங்கள் எந்த வரிசையில் கிடந்தனவோ அந்த வரிசையைக் கலைக்காதீர்கள். ஆவணக் காப்பாளர்களும் முதலில் அதைத்தான் மதிப்பார்கள். மளிகைக் கடை பில்லைக்கூட எறிய அவசரப்படாதீர்கள். நனைந்துவிட்டால் என்னைப்போலப் பிரிக்காதீர்கள், முதலில் போட்டோ எடுத்துவிட்டு, நிழலில் காற்றாட வையுங்கள்.

மிஞ்சிய இரண்டு நோட்டும் என் அலமாரியில் இருக்கின்றன. அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன், பார்க்க விரும்புகிறவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வாருங்கள்.